பக்கெட் சாய்ந்தால் பின் டயரைப் பார்

தொப்பூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கணவாய்தான். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி தேசிய நெடுஞ்சாலை 44 இறங்கும் அந்தச் சரிவில், பிரேக் சூடேறிய லாரிகள் கட்டுப்பாடு இழப்பது அடிக்கடி செய்தியாகும். மேட்டூர், பவானி வழியாக ஈரோடு போகும் சாலையும் இங்கேதான் பிரிகிறது. அதனால் இந்தப் பக்கம் மெக்கானிக் என்றாலே லாரி மெக்கானிக் என்றுதான் அர்த்தம். பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், ஸ்பிரிங் பட்டை என்று ராத்திரி பகல் பார்க்காத வேலை.

இந்தக் கட்டுரைக்கு உரியவரும் லாரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத் தொழில் பழகியவர்தான். ஊரில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. இப்போது அவர் பட்டறைக்கு வருவதில் பாதிக்கு மேல் டிராக்டர். அதிலும் சின்ன டிராக்டர்.

18 குதிரைத்திறனில் தொடங்கி 30-க்குள் அடங்கும் இந்த வண்டிகள் தருமபுரி மாவட்டத்துக்குப் பொருத்தமானவை. மாந்தோப்பில் கிளைக்கு அடியில் புகுந்து உழும். மஞ்சள் காட்டிலும் தென்னந்தோப்பிலும் குறுகிய இடத்தில் திரும்பும். 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூரிலேயே வி.எஸ்.டி. நிறுவனம் இவற்றைத் தயாரிக்கிறது. குபோட்டாவும் மஹிந்திராவின் ஜிவோவும் இதே அளவில் ஓடுகின்றன. ஊடுழவுக்கு என்று வாங்கியவர்கள் பிறகு முன்னால் ஒரு லோடரையும் மாட்டத் தொடங்கினார்கள். காரணம் எளிது: சாணி அள்ள ஆள் கிடைப்பதில்லை. ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-இல் அரசு விதியைத் தளர்த்தியதும், டிப்பரில் வந்து குவிகிற வண்டலை வயலில் பரப்ப இந்தச் சின்ன லோடர் கைகொடுத்தது.

லோடரின் அமைப்பில் மர்மம் ஒன்றும் இல்லை. முன்னால் நீளும் இரண்டு கைகள், அவற்றின் முனையில் பக்கெட். கைகளைத் தூக்க இரண்டு ஹைட்ராலிக் ஜாக், பக்கெட்டைக் கவிழ்க்க இன்னும் ஒன்றோ இரண்டோ. இத்தனையையும் டிராக்டர் சேஸிஸோடு பிடித்து நிறுத்த ஒரு சப்-பிரேம். அவ்வளவுதான். ஆனால் இதில் வருகிற ஒரு கோளாறு மட்டும் ஓட்டுகிறவரையும் சொந்தக்காரரையும் சேர்த்துக் குழப்பிவிடும். பக்கெட் ஒரு பக்கம் தூக்கியும் மறுபக்கம் தாழ்ந்தும் நிற்பதுதான் அது.

பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்பதோடு இது போவதில்லை. மண்ணைப் பரப்பினால் ஒரு பக்கம் வரப்பு மாதிரி மேடு நிற்கும், மறுபக்கம் வெட்டுப்படும். அள்ளும்போது தாழ்ந்த முனைதான் முதலில் மண்ணைக் கடிக்கும். அந்தப் பக்கத்துப் பின், புஷ், வெல்டிங் எல்லாம் சீக்கிரம் தேயும். சரிவான காட்டில் பாரத்தோடு போகும்போது எந்தப் பக்கம் மட்டம் என்று ஓட்டுகிறவரின் கண்ணே ஏமாறும். தொப்பூர் சுற்றுவட்டாரத்தில் சரிவில்லாத காடு குறைவு.

மேஸ்திரியிடம் இப்படி வந்த வண்டிகளில் ஒன்றை விரிவாகப் பார்க்கலாம். மாட்டுப் பண்ணை ஒன்றின் டிராக்டர் அது. பக்கெட்டின் வலது முனை இரண்டு விரல்கடை தூக்கி நின்றது. ஓட்டி வந்த பையன் இறங்கும்போதே முடிவைச் சொல்லிவிட்டான்.

“ணா, ஜாக்கு அவுட்டு. ஏற்கெனவே ஒரு இடத்துல சீல் கிட்டு மாத்திட்டோம். அப்பவும் இப்படியேதான் நிக்குது.”

“ஜாக்கு போனா பக்கெட்டு இறங்கும்பா, சாயாது” என்றார் மேஸ்திரி.

அவர் சொன்னதற்குக் காரணம் எண்ணெய் போகும் வழியில் இருக்கிறது. இரண்டு தூக்கும் ஜாக்குகளுக்கும் ஒரே வால்விலிருந்துதான் எண்ணெய் போகிறது. குழாய் நடுவில் பிரிந்து இடதுக்கும் வலதுக்கும் செல்கிறது. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி இந்த ஹோஸுக்குள்ளும் செல்லும். வலது ஜாக்கில் சீல் தேய்ந்தால் அழுத்தம் வலதில் மட்டும் குறையாது, இரண்டிலும் சேர்ந்தே குறையும். அதற்கு மேல், இரண்டு கைகளையும் குறுக்கே ஒரு தடித்த குழாய் வெல்டிங்கில் பிணைத்திருக்கிறது. ஒரு கை தாழ்ந்து மறு கை நிற்க வேண்டுமென்றால் அந்தக் குழாயே முறுக வேண்டும்.

ஆகவே சீல் கோளாறுக்கு அடையாளம் வேறு. காலிப் பக்கெட்டை இடுப்பளவு தூக்கி, இன்ஜினை நிறுத்தி, பக்கத்தில் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டு, தூரத்தில் ஒரு குச்சியை நட்டு உயரத்தைக் குறித்து வைக்க வேண்டும். சற்று நேரத்தில் பக்கெட் தானாக இறங்கியிருந்தால் ஜாக்கின் சீலையோ வால்வையோ சந்தேகிக்கலாம். இறங்கும்போதும் சாய்வு அதே அளவில்தான் இருக்கும். இந்த வண்டியில் பக்கெட் வைத்த இடத்திலேயே நின்றது. மாற்றிய சீல் கிட்டில் குறையில்லை. அதை மாற்ற வேண்டிய தேவைதான் இருக்கவில்லை.

சீல் மேல் பழி விழுவதும் புதிதல்ல. ஜோசப் பிராமா 1795-இல் லண்டனில் ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை வாங்கியபோதே கசிவுதான் பெரிய தலைவலியாக இருந்தது. எண்ணெயோ தண்ணீரோ அழுத்த அழுத்தத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையத்தை அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லி செய்து கொடுத்த பிறகுதான் அந்தப் பொறி உருப்பட்டது என்பார்கள். இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் ஓ-ரிங்குக்கு, டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937-இல் விண்ணப்பித்து 1939-இல் காப்புரிமை பெற்றார். தோலிலிருந்து ரப்பருக்கு வந்தும் சந்தேகம் மட்டும் மாறவில்லை. லோடரில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி ஜாக்குதான். பளபளவென்று வெளியே தெரிவதும் அதுதான், விலை அதிகமானதும் அதுதான்.

மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த நெல் காயப்போடும் சிமெண்ட் களத்துக்கு வரச் சொன்னார். கையில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், ஒரு நீளமான அலுமினியச் சட்டம், டேப், சாக்பீஸ்.

களம் மட்டமாக இருக்கும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகக் கொத்தனார் ஒரு பக்கம் வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பார். அதனால் ஒரு தடவை மட்டம் பார்த்துவிட்டுச் சாய்வு எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒரு பக்கம் கோணல் என்று தெரியும், அது களத்தின் கோணலா வண்டியின் கோணலா என்று தெரியாது.

இதற்குக் கணக்கு ஒன்று உண்டு. பின் சக்கரங்கள் நிற்கும் இடத்தைச் சாக்பீஸில் குறித்துக்கொண்டு, பக்கெட்டின் மேல்விளிம்பில் சட்டத்தை வைத்து, அதன்மேல் ரசமட்டம் வைக்க வேண்டும். குமிழ் நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த பக்கம் சட்டத்துக்கு அடியில் தகடுகளை அடுக்கி, அந்த அடுக்கின் கனத்தை அளக்க வேண்டும். பிறகு டிராக்டரை அப்படியே எதிர்த்திசையில் திருப்பி, பின் சக்கரங்களை அதே குறியில் நிறுத்தி, மறுபடி அதே அளவை எடுக்க வேண்டும். வண்டி திரும்பினாலும் வண்டியின் கோணல் வண்டியோடு வரும். களத்தின் வாட்டம் அந்த இடத்திலேயே நிற்கும்.

முதல் தடவை வலது முனை 34 மில்லிமீட்டர் மேலே இருந்தது. திருப்பி நிறுத்தியபோதும் வலதுதான் மேலே, ஆனால் 22. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 28. அதுதான் வண்டியின் கோணல். மிச்ச 6 களத்தினுடையது. திருப்பி நிறுத்தியதும் தூக்கல் ஓட்டுகிறவரின் இடது கைப் பக்கம் மாறியிருந்தால், கோளாறில் பெரும்பங்கு களத்தில் என்று அர்த்தமாகியிருக்கும்.

28 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. பக்கெட் முன்னால் இருப்பதால் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் குடைவார்கள். பையன்கூட முன் டயரைக் காலால் அழுத்திப் பார்த்தான். மேஸ்திரி பின்னால் போய்க் குனிந்தார்.

டிராக்டரின் முன் ஆக்ஸில் நடுவில் ஒரே ஒரு சென்டர் பின்னில் தொங்குகிறது. ஒரு முன் சக்கரம் கல்லில் ஏறினாலும் இன்னொன்று பள்ளத்தில் இறங்கினாலும் ஆக்ஸில் மட்டும் ஆடிக்கொடுக்கும். சேஸிஸ் சாயாது. மேடுபள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். பின் ஆக்ஸில் அப்படியல்ல, சேஸிஸோடு அசைவில்லாமல் பிணைந்தது. எனவே டிராக்டர் உடம்பு வலதோ இடதோ சாய்வதைத் தீர்மானிப்பவை பின் டயர்கள் இரண்டும்தான். உடம்போடு சப்-பிரேம், சப்-பிரேமோடு கை, கையோடு பக்கெட். முன் டயரில் காற்று கொஞ்சம் குறைந்தால் ஸ்டீயரிங் இழுக்கும், பக்கெட் கோணாது.

பின் ஆக்ஸில் ஹவுசிங்கின் உயரத்தைத் தரையிலிருந்து இரு பக்கமும் அளந்தபோது விஷயம் வெளிவந்தது. வலது பக்கம் 15 மில்லிமீட்டர் உயரம். வலது டயர் புதுசு. பழைய டயரைக் கல் கிழித்துவிட்டதால் அதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இடது டயரில் கொப்பு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. பின் சக்கரங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் தூரம், பக்கெட்டின் அகலம் 1.2 மீட்டர். ஒரு மீட்டருக்கு 15 என்றால் பக்கெட் முனையில் 18. மொத்தக் கோணலில் பாதிக்கு மேல் ஒரு டயரிலேயே அடங்கிவிட்டது.

அதிலும் எல்லாம் தேய்மானமில்லை. இடது டயரில் காற்றே குறைவு. இங்கே தொப்பூருக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. ரோட்டோரப் பஞ்சர் கடைகள் லாரிக்காக இருப்பவை. லாரி டயருக்கு 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று வேண்டும். சின்ன டிராக்டரின் பின் டயருக்கோ 20-ஐ ஒட்டிய அளவு போதும். லாரிக்கான கேஜில் 12-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் முள் லேசாக அசைவதோடு முடிந்துவிடும். கடைக்காரர் இரண்டிலும் சமம்தான் என்பார், அவர் பொய் சொல்லவில்லை. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை மேஸ்திரி தனியே வைத்திருக்கிறார். டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு உள்ளேயே இரண்டிலும் காற்றைச் சமமாக்கியதும் 15 என்பது 9 ஆனது. பாக்கி 9 கொப்பு தேய்ந்தது. அதற்கு ஜோடி டயர் வாங்குவதைத் தவிர வழியில்லை என்று பண்ணைக்காரரிடம் சொல்லி அனுப்பினார். வாங்கினார்கள்.

28-இல் 18 போக 10.

அடுத்து சப்-பிரேம். கைகள் தொங்கும் மேல் பின் இரண்டின் உயரத்தையும் பின் ஆக்ஸில் ஹவுசிங்கிலிருந்து அளந்தபோது இடது 4 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. இரண்டு பின்னுக்கும் நடுவே 70 சென்டிமீட்டர் என்பதால் பக்கெட் அகலத்தில் இது ஏறக்குறைய 7 ஆகிவிடும். இடது பிராக்கெட்டைத் தடவிப் பார்த்தால் பெயிண்ட் உரிந்து, போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி. போல்ட் தளர்ந்து ஆடிய இடத்தில்தான் இப்படித் துரு பொடிந்து நிற்கும். கழற்றினால், வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவில் நீண்டிருந்தது.

இதை வெறுமனே இறுக்கிவிட்டு அனுப்புவது சுலபம். நீண்ட ஓட்டையில் போல்ட்டுக்குப் பிடிமானம் கிடையாது, நாலு லோடு அள்ளினால் பழையபடி நழுவும். ஓட்டையை வெல்டிங்கில் அடைத்து, டிரில் போட்டு, புதுப் போல்ட் மாட்டினார்கள். போல்ட் தலையில் 8.8 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மேஸ்திரி எடுப்பார். சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை தாங்கும், அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்பது அந்த எண்ணின் பொருள். தலையில் எண்ணே இல்லாத போல்ட் கேட்டுக்குப் போதும், லோடருக்கு ஆகாது. இறுக்கும்போதும் ஒரு பக்கம் முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. எல்லாவற்றையும் கையால் பூட்டி, இடது பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, இரு பக்கமும் அளவு ஒன்றான பிறகு, மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது.

போல்ட் ஏன் தளர்ந்தது என்று கேட்டதற்குப் பையன் முதலில் தெரியாது என்றான். பிறகு, வரப்போரம் இருந்த புளிய மரத்து வேரைப் பக்கெட்டின் ஒரு முனையால் நெம்பியதைச் சொன்னான். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஜாக்குக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் எண்ணெய் போனால் அது கொடுக்கும் தள்ளுவிசை ஏறக்குறைய 2,900 கிலோ. இரண்டும் சேர்ந்தால் ஆறு டன்னை நெருங்கும். பக்கெட் நடுவில் பாரம் இருக்கும்போது அது இரண்டு கைக்கும் பிரியும். முனையில் வேர் மாட்டினால் மொத்தமும் ஒரு கைக்கு வந்து, சப்-பிரேமை முறுக்கும். வேர் பிடுங்கவும் பாறை புரட்டவும் பெரிய இயந்திரம் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசர்களை விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. பிராக்கெட்டை மறுபடி வெல்டிங் செய்வதைவிட அது லாபம்.

10-இல் 7 போக மூன்று மில்லிமீட்டர் மிஞ்சியது. மேஸ்திரி டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டார். பையனுக்குத் திருப்தியில்லை.

“மூணு மில்லிய விட்டுட்டீங்களேண்ணா?”

“காத்து ஒரு பவுண்டு குறைஞ்சா அது வரும், ஏத்தினா போகும். அதைத் துரத்திட்டுப் போனா கையையே வளைச்சிடுவ.”

இந்த வண்டிக்கு இரண்டு காரணம் போதுமானதாக இருந்தது. வேறு வண்டிகளில் வேறு காரணங்கள் வரும். எந்த உயரத்தில் கோணல் தெரிகிறது என்பதே அவற்றில் பாதியைப் பிரித்துக் காட்டிவிடும். தரையோடு இருக்கும்போதும் தலைக்கு மேல் தூக்கியபோதும் சாய்வு ஒரே அளவு என்றால் டயர், சப்-பிரேம், போல்ட். தூக்கத் தூக்கக் கூடினாலோ, பாரம் ஏற்றியதும் மாறினாலோ பின்னும் புஷ்ஷும். முழுக்கத் தூக்கிய அல்லது முழுக்க இறக்கிய கடைசிக் கட்டத்தில் மட்டும் முறுகினால் ஜாக்குகளின் நீளம்.

பின்னும் புஷ்ஷும் பார்க்கச் சோதனை எளிது. பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, ஒரு முனையைக் கடப்பாரையால் நெம்பினால், தேய்ந்த இடத்தில் பின் ஓட்டைக்குள் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். ஜாக் கையைத் தாங்குகிற இடத்தில் மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், நெம்புகோல் கணக்கில் அது பக்கெட் முனைக்குப் போகும்போது இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். பின்னை மட்டும் மாற்றினால் பழைய புஷ் புதுப் பின்னைத் தின்றுவிடும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். லேத்தில் புதுப் புஷ் கடைந்து போடுவது பெரிய செலவில்லை. அதைவிட மலிவு கிரீஸ். வேலை நாளில் தினமும் எல்லா நிப்பிளுக்கும், பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். தேய்ந்த பின்னைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அந்த நிப்பிள் மண் அடைத்துக் கிடக்கும்.

ஜாக் நீளக் கோளாறு மனிதர் செய்து வைப்பது. ஒரு ஜாக் கெட்டு, கிடைத்ததை வாங்கி மாட்டும்போது இது நடக்கும். போர்வெல் ரிக் தொழிலுக்குப் பேர்போன திருச்செங்கோட்டில் ஹைட்ராலிக் சாமான்களுக்குக் குறைவில்லை; ஹோஸ், சீல், ராடு எல்லாம் அளவு கொடுத்தால் கிடைக்கும். அளவு கொடுப்பதில்தான் விஷயம். துளையின் விட்டம் மட்டும் சொன்னால் போதாது. மூடிய நிலையில் ஒரு பின் நடுவிலிருந்து மறு பின் நடுவரை எவ்வளவு, முழுக்க நீண்ட நிலையில் எவ்வளவு என்று இரண்டையும் சொல்ல வேண்டும். மூடிய நீளம் ஐந்து மில்லிமீட்டர் கூடினால் முழுக்க இறக்கும்போது பக்கெட் முறுகும். நீளும் அளவு குறைந்தால், ஒன்று முட்டி நின்ற பிறகு மற்றொன்று தனியே தள்ளிக் குறுக்குக் குழாயை முறுக்கும். ராடு லேசாக வளைந்தாலும் இதே விளைவுதான். வளைந்த ராடு சீலையும் சேர்த்துக் கிழிக்கும்.

கை முறுகிப்போன வண்டியும் வராமல் இல்லை. அதற்கு ஊரில் ஒரு முரட்டு வைத்தியம் உண்டு. தாழ்ந்த முனைக்கு அடியில் வைரம் பாய்ந்த கட்டையை வைத்து, பக்கெட்டைக் கீழ்நோக்கி அழுத்துவார்கள். முன் சக்கரம் தூக்கும், தாழ்ந்த பக்கம் எதிர்த்துத் தள்ளப்படும், முறுக்கு கொஞ்சம் திரும்பும். இரும்பு விட்டதும் பாதி பழைய இடத்துக்கே போய்விடும் என்பதால், கொஞ்சம் கூடுதலாக அழுத்தத் தோன்றும். அங்கேதான் குறுக்குக் குழாயின் வெல்டிங் வாய் பிளக்கிறது. சில மில்லிமீட்டர் முறுக்குக்கு மேஸ்திரி இதை ஒரு தடவை செய்து பார்ப்பார், அளவைக் குறித்துக்கொண்டு. அதற்கு மேல் என்றால் கைகளைக் கழற்றி, சட்டத்தில் பூட்டிச் சீர்செய்யும் பட்டறைக்கு அனுப்பிவிடுவார். கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி அடிப்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை, காய்ச்சிய இடத்தில் இரும்பின் பலம் குறையும்.

பக்கெட்டே ஏமாற்றுவதும் உண்டு. கீழ் வெட்டு விளிம்பு ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருந்தால், மட்டமாக நிற்கும் பக்கெட்கூட வயலில் கோணலாக வெட்டும். அதனால்தான் ரசமட்டத்தை மேல்விளிம்பில் வைத்துப் பார்ப்பதும், கீழ் விளிம்பைத் தனியே டேப்பில் அளப்பதும். கொக்கியில் மாட்டிக் கழற்றும் வகைப் பக்கெட் என்றால் ஒரு பக்கப் பூட்டு முழுக்க விழுந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். நடுவில் மாட்டிய ஒரு கூழாங்கல் போதும், பட்டறைவரை வண்டியை இழுத்து வர.

இத்தனை சோதனைக்கும் நடுவே மேஸ்திரி குரலை உயர்த்தும் இடங்கள் சில உண்டு. தூக்கிய பக்கெட்டுக்கு அடியில் தலையை நீட்டினால் அவர் திட்டுவார். எண்ணெய்தான் தாங்குகிறது, ஒரு ஹோஸ் வெடித்தால் தாங்க எதுவும் இல்லை. அடியில் கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். ஜாக்கைக் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். ஹோஸில் கசிவு எங்கே என்று விரலால் தடவுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து சுத்தப்படுத்தாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைத் தேட அட்டைத் துண்டு போதும். எண்ணெய் புகுந்ததாகச் சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பாரக் கணக்கும் அப்படித்தான். 200 லிட்டர் கொள்ளும் பக்கெட்டில் காய்ந்த சாணி அள்ளிப் பழகியவர் அதே பக்கெட்டில் ஈர வண்டலை நிரப்புவார். ஒரு கன மீட்டர் ஈர மண் 1,800 கிலோவைத் தொடும். அப்படியானால் அந்தப் பக்கெட்டில் 360 கிலோ. சின்ன லோடர்கள் பலவற்றுக்கு அதுவே உச்சவரம்பு. பின்னால் எடைக்கல்லோ, எடை ஏற்றிய கருவியோ மாட்டாமல் இதைத் தூக்கினால் பின் சக்கரம் தரையை விடும். பின் சக்கரங்கள்தான் வண்டியைச் சாயாமல் பிடித்திருப்பவை என்பதால், அவை லேசானதும் ஆடுகிற முன் ஆக்ஸில் மேல் மொத்த வண்டியும் நிற்கும். சரிவில் அது கவிழ்வதற்கு நேரம் எடுக்காது. பக்கெட்டைத் தரையோடு ஒட்டித் தாழ்வாக வைத்து, மெதுவாக, சரிவுக்குக் குறுக்கே போகாமல், மேலும் கீழுமாக ஓட்டுவதே பாதுகாப்பு.

பண்ணை டிராக்டர் இப்போதும் அந்தப் பக்கம் வண்டல் பரப்புகிறது. மாற்றியது ஒரு டயர், அடைத்தது ஒரு ஓட்டை, போட்டது சில போல்ட். தேவையில்லாமல் மாற்றிய சீல் கிட்டுக்கு ஆன செலவு தனி.

லோடர் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் புறப்படும் முன் இவ்வளவையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். பக்கெட் பூட்டு விழுந்திருக்கிறதா, பின் டயர் இரண்டிலும் காற்று சமமா, கொப்பு சமமா, சப்-பிரேம் போல்ட் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். சிமெண்ட் தரையில் நிறுத்தி மட்டம் பார்த்து, திருப்பி நிறுத்தி இன்னொரு தடவை பாருங்கள். இரண்டு அளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். அந்தத் தாளைப் பார்க்காமல் ஜாக்கைக் கழற்றச் சொல்கிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.